நிக்கலா, பிளாட்டினமா, இரிடியமா: பெங்களூரில் ஓடும் பழைய காருக்கு எந்த பிளக்?

தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டுப் பெங்களூர் திரும்புகையில், கிருஷ்ணகிரியைத் தாண்டி வரும் மேலுமலை ஏற்றத்தில் எங்கள் கார் வழக்கத்துக்கு மாறாகத் திணறியது. நான்காம் கியரிலேயே ஏறிப் பழகிய வண்டி, மூன்றாம் கியருக்கு இறக்கிய பிறகும், ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தால் முன்னேறுவதற்குப் பதிலாகக் குலுங்கிற்று. மிதியைச் சற்றுத் தளர்த்தினால் குலுக்கல் நின்று ஊர்ந்தது. சரக்கு ஏற்றிய லாரி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே எங்களை முந்திப் போனது. ஓசூரைக் கடந்து சமதரை கிடைத்ததும், ஒன்றுமே நடக்காததுபோல் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஒழுங்காக ஓடியது.

மறுநாள் நீலசந்திராவில் பட்டறை வைத்திருக்கும் வாணியம்பாடிக்காரரான பாயிடம் வண்டியை விட்டேன். அவர், சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பொறியால் பற்றவைக்கும் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, எந்த சிலிண்டரிலிருந்து எது வந்தது என்ற வரிசை மாறாமல், பழைய செய்தித்தாளின் மேல் அடுக்கி வைத்தார். புதிய பிளக்கின் நடுமுனை, சீவிய பென்சிலின் பின்பக்கம் போலத் தட்டையாகவும் விளிம்பு கூராகவும் இருக்கும். இவற்றின் முனைகளோ தேய்ந்த சாக்பீஸ் போல உருண்டிருந்தன. பொறி தாண்ட வேண்டிய இடைவெளி கையேட்டின்படி 0.8 மில்லிமீட்டர், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் 1.2 தகடு தட்டாமல் உள்ளே போய் வந்தது. கடைசியாக பிளக் மாற்றி 41,000 கிலோமீட்டர் ஆகியிருந்தது.

காரணம் தெரிந்துவிட்டது, என்ன செய்வது என்பதில்தான் ஆளுக்கொரு யோசனை. “உப்புத்தாள் போட்டு, கேப் வெச்சு மாட்டிடலாம் சார், இன்னும் பத்தாயிரம் ஓடும்” என்றார் பாய். ஜே.சி. ரோட்டில் உதிரிபாகக் கடைக்காரர், “இரிடியம் போட்டுப் பாருங்க சார், பிக்கப் அள்ளும்” என்றார். சர்வீஸ் சென்டரில் தொலைபேசியில் விசாரித்தபோது, பிளக்கோடு இன்னும் நான்கைந்து வேலைகளைச் சேர்த்து ஒரே தொகையாகச் சொன்னார்கள். மூன்றையும் நிதானமாக ஒப்பிட்டுப் பார்த்ததன் விளைவு இக்கட்டுரை.

முதலில், தேய்ந்த பிளக் ஏன் ஏற்றத்தில் மட்டும் காலை வாரிவிடுகிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. தேர்வு முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது. இரு முனைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பொறி தாண்டுவதற்குத் தேவையான மின்னழுத்தம் இரண்டு காரணங்களால் உயரும்: இடைவெளி அகலமாவது ஒன்று, சிலிண்டருக்குள் அடைபட்ட கலவையின் அழுத்தம் கூடுவது இன்னொன்று. நின்றபடி ஐடிலிங்கில் இருக்கும்போது காற்று நுழையும் வழியிலுள்ள திராட்டில் கதவு ஏறக்குறைய மூடியிருப்பதால் உள்ளே போகும் காற்று குறைவு, அழுத்தமும் குறைவு. தேய்ந்த பிளக்கும் பொறியைத் தாண்டவிட்டுவிடும். ஏற்றத்தில், குறைந்த சுழற்சியில், முழுவதும் மிதிக்கும்போது சிலிண்டர் நிறையக் காற்றும் பெட்ரோலும் புகுந்து அழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. அகன்றுபோன இடைவெளியும் அதனோடு சேர, தேவைப்படும் மின்னழுத்தம் இக்னிஷன் காயில் கொடுக்கக்கூடிய எல்லையைத் தாண்டிவிடுகிறது. பொறி விழாத அந்தச் சுற்றில் அந்த சிலிண்டர் வேலை செய்யாமல் சும்மா சுற்றுகிறது; நாம் அதைக் குலுக்கலாகவும் இழுவைக் குறைவாகவும் உணர்கிறோம். ஆகவே, பட்டறையில் வண்டியை நியூட்ரலில் வைத்து இரண்டு முறை முறுக்கிவிட்டு “எல்லாம் சரியா இருக்கு” என்று சொல்வது சோதனையே ஆகாது. சுமை இல்லாத இடத்தில் இந்தக் குறை தலைகாட்டாது.

பெங்களூர்க்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் குழப்பம் உண்டு. இந்நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே காற்றின் அடர்த்தி சென்னையைக் காட்டிலும் எட்டு, ஒன்பது விழுக்காடு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய அதே அளவு ஆற்றலை இங்கே இயல்பாகவே இழந்துவிடும். சென்னையில் பாய்ந்த வண்டி இங்கே கொஞ்சம் மந்தமாகத் தோன்றுவதற்கு எந்த பிளக்கும் மருந்தாகாது. அதேபோல, 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் லிட்டருக்கு ஆறு, ஏழு விழுக்காடு ஆற்றல் குறைவு என்பதால் மைலேஜ் சற்று இறங்குவதையும் பிளக்கின் தலையில் கட்டக் கூடாது.

இழுவை குறையும்போதெல்லாம் பிளக்தான் குற்றவாளி என்றும் இல்லை. குலுக்கலே இல்லாமல், மூச்சை அடக்கியதுபோல ஒரே சீராக மந்தமாகிறது என்றால், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், சைலன்சர் வழியில் புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் அடைத்திருக்கலாம், அல்லது பெட்ரோல் போதிய அழுத்தத்தில் வராமல் இருக்கலாம். எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. குலுக்கலோடு எச்சரிக்கை விளக்கும் மினுக்கினால், அதுதான் கலவை பற்றாமல் போகும் மிஸ்ஃபயர். ஸ்கேனரை மாட்டினால் பி0300 என்றோ, குறிப்பிட்ட சிலிண்டரைக் காட்டும் பி0301 முதல் பி0304 வரையான எண்ணோ வரும். ஒரே ஒரு சிலிண்டரின் எண் மட்டும் வந்தால், அந்த சிலிண்டரின் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றி மாட்டிப் பார்க்க வேண்டும். எண்ணும் கூடவே நகர்ந்தால் குறை காயிலில் இருக்கிறது. நகராவிட்டால் பிளக்கைக் கழற்றலாம். விளக்கு மினுக்கும் நிலையில் வண்டியை ஓட்டிக்கொண்டே இருப்பது மட்டும் கூடாது. எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதைக் கெடுத்துவிடும். அதன் விலைக்கு ஆயுள் முழுவதும் பிளக் வாங்கலாம்.

பாய் சொன்ன வழியை எடுத்துக்கொள்வோம். துடைத்து, இடைவெளியைத் தட்டிச் சரிசெய்து மாட்டுவது செலவில்லாத வழி. ஒரு தலைமுறைக்கு முந்தைய மெக்கானிக்குகள் இதிலேயே வண்டிகளை ஓட வைத்தார்கள் என்பதையும் மறுக்க முடியாது. ஆனால், இடைவெளியை மீண்டும் 0.8-க்குக் கொண்டுவந்தாலும் உருண்டுபோன விளிம்பு கூராகிவிடாது. மின்புலம் கூரான விளிம்பில்தான் குவியும். அதனால் உருண்ட முனை அதே இடைவெளியிலும் கூடுதல் மின்னழுத்தம் கேட்கும். உப்புத்தாளோ கம்பி பிரஷ்ஷோ பீங்கானின் மீது விட்டுச் செல்லும் உலோகத் துகள் மின்சாரம் கசிய வழி செய்யும். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்தால் துகள் உள்ளே தங்கி சிலிண்டருக்குள் விழும் ஆபத்து உண்டு. இரிடியம், பிளாட்டினம் பிளக்குகளில் இதைச் செய்யவே கூடாது. ஊசிபோன்ற முனை ஒடிந்துவிடும். தேயாமல் கரி மட்டும் பிடித்த, ஐயாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத பிளக்குக்கு இந்த வைத்தியம் பொருந்தும். இரவில் நடுவழியில் நின்றுபோனால் வீடு வந்து சேரவும் உதவும். 41,000 ஓடிய பிளக்குக்குப் பொருந்தாது. பாயிடம் அதைச் சொன்னபோது அவரும் வாதாடவில்லை; பணம் செலவழிக்க மனமில்லாதவர்களுக்காகப் பழகிப்போன பதில் அது என்றார்.

இனிப் புதிய பிளக். கடைகளில் “காப்பர் பிளக்” என்று கேட்பார்கள், கொடுப்பார்கள். உண்மையில் அதன் முனை நிக்கல் கலவை. செம்பு உள்ளே வெப்பத்தைக் கடத்துவதற்காக இருக்கிறது, அது இரிடியம் பிளக்கிலும் உண்டு. நிக்கல் 1,455 டிகிரி செல்சியஸில் உருகும், பிளாட்டினம் 1,768 டிகிரியில், இரிடியம் 2,400 டிகிரிக்கும் மேல். உருகுநிலை உயர உயர, பொறி அரிக்கும் வேகம் குறைகிறது. அதனால் முனையை மெலிதாகச் செய்ய முடிகிறது. நிக்கல் முனை 2.5 மில்லிமீட்டர் பருமன் என்றால் இரிடியம் முனை 0.4 முதல் 0.6 வரைதான். மெலிந்த முனையிலிருந்து பொறி எளிதில் தாவும் என்பதால் காயிலின் மேல் பாரம் குறைகிறது, குளிர்ந்த எஞ்சின் காலையில் சட்டென்று பிடிக்கிறது, ஐடிலிங் சீராகிறது.

ஆனால் “பிக்கப் அள்ளும்” என்பது? புதிய நிக்கல் பிளக்கே ஒவ்வொரு சுற்றிலும் தவறாமல் பற்றவைக்கிறது என்றால், அதற்கு மேல் இரிடியம் செய்வதற்கு ஒன்றும் மீதமில்லை. ஆற்றல் வருவது எரியும் பெட்ரோலிலிருந்து. பொறி தீக்குச்சி மட்டுமே. விலை உயர்ந்த தீக்குச்சியால் அடுப்பு அதிகம் எரிவதில்லை. தேய்ந்த பிளக்கைக் கழற்றிவிட்டு இரிடியம் போட்டவர், பழையதோடு ஒப்பிட்டுத்தான் வியக்கிறார்; அதே நாளில் 150 ரூபாய் நிக்கல் போட்டிருந்தாலும் அதே வியப்பு கிடைத்திருக்கும். இரிடியத்துக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் ஆயுளுக்குத்தான். நிக்கல் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர், பிளாட்டினம் 60,000-க்கு மேல், இரிடியம் ஒரு லட்சம் என்பது பொதுவான கணக்கு.

அந்த ஆயுளைப் பணமாக்கிப் பார்த்தேன். எனக்குக் கடையில் சொன்ன விலை நிக்கல் ஒன்றுக்கு 150 ரூபாய், பிளாட்டினம் 400, இரிடியம் 750; நான்கையும் மாற்றக் கூலி 300. தொண்ணூறாயிரம் கிலோமீட்டருக்கு நிக்கல் மூன்று முறை, ஆக 2,700 ரூபாய். பிளாட்டினம் ஒன்றரை முறை என்று வைத்தால் 2,850. இரிடியம் ஒரே முறை, 3,300. வித்தியாசம் ஒரு குடும்பம் உணவகத்தில் ஒருவேளை சாப்பிடும் தொகை. கூலி மாறும்போதுதான் கணக்கு தலைகீழாகிறது. சில எஞ்சின்களில் பிளக்கைத் தொடுவதற்கு முன், காற்றை உள்ளே கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டையே கழற்ற வேண்டும். கூலி 1,500 என்றால் நிக்கல் 6,300, பிளாட்டினம் 4,650, இரிடியம் 4,500 என்றாகிறது. ஆகவே பானட்டைத் திறந்து, பிளக் கண்ணுக்குத் தெரிகிறதா, இல்லை எதற்கடியிலோ புதைந்திருக்கிறதா என்று பார்ப்பது, விளம்பரத்தைப் படிப்பதைவிடப் பயனுள்ளது. பிளக்குகளின் எண்ணிக்கையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய ஹோண்டா சிட்டியின் ஐ-டிஎஸ்ஐ எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டாக எட்டு பிளக் உண்டு, நான்கை மட்டும் மாற்றி அனுப்பிய கதைகளும் உண்டு.

கிலோமீட்டர் கணக்கை நம்பலாமா என்பது அடுத்த கேள்வி. பிளக் தேய்வது பொறியால், சாலையால் அல்ல. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுழற்சிக்கு ஒரு பொறி. நெடுஞ்சாலையில் சராசரி 60 கிலோமீட்டர் வேகத்தில், நிமிடத்துக்கு 2,500 சுழற்சியில் 30,000 கிலோமீட்டர் ஓடினால் 500 மணி நேரம். ஒவ்வொரு பிளக்கும் ஏறக்குறைய 3.75 கோடி முறை பொறி விட்டிருக்கும். சில்க் போர்டு, மாரத்தஹள்ளி, கே.ஆர்.புரம் என்று ஊர்ந்து சராசரி 18 கிலோமீட்டர் வேகம் வைத்தால், அதே தூரத்துக்கு 1,660 மணி நேரத்துக்கு மேல். சராசரி 1,200 சுழற்சி என்றாலும் ஆறு கோடியைத் தொடுகிறது. அதாவது, சிக்னலில் நிற்கும் நேரமும் பிளக்கின் ஆயுளில்தான் கழிகிறது. சில வண்டிகளில் ஒரே காயில் இரண்டு சிலிண்டருக்குச் சேர்த்துப் பொறி கொடுக்கும். அங்கே புகை வெளியேறும் சுற்றிலும் வீணாக ஒரு பொறி விழுவதால் எண்ணிக்கை இரட்டிப்பாகும். நகருக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு, நிக்கல் பிளக்கை 20,000 கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுவது என் கட்சி. எல்பிஜி ஆட்டோவும் சிஎன்ஜி காரும் வைத்திருப்பவர்கள் இன்னும் முந்திக்கொள்ள வேண்டும். காஸ் கலவையைப் பற்றவைக்கப் பெட்ரோலைக் காட்டிலும் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுவதால், இடைவெளி சற்று அகன்றாலே மிஸ் அடிக்கத் தொடங்கிவிடும்.

எந்த உலோகமானாலும், முனையின் சூட்டை பிளக் எவ்வளவு வேகமாகக் கடத்திவிடும் என்பதைக் காட்டும் வெப்ப எண் ஒத்துப்போகாவிட்டால் எல்லாம் வீண். பிளக்கின் முனை ஏறக்குறைய 450 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் படியும் கரி தானாக எரிந்து போகும். 850 டிகிரியைத் தாண்டினால் பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டனைப் பதம் பார்க்கும். இந்த எண்ணில் ஒரு கண்ணி வைத்திருக்கிறார்கள்: என்ஜிகே பிளக்கில் எண் கூடினால் குளிர்ந்த பிளக், போஷ் பிளக்கில் எண் கூடினால் சூடான பிளக். “அதே நம்பர்தான் சார்” என்று கடைக்காரர் வேறு கம்பெனியின் பிளக்கை நீட்டினால் வாங்கிவிடக் கூடாது. மாற்றுப் பட்டியலைக் காட்டச் சொல்ல வேண்டும். மரையின் நீளமும் அப்படியே. நீளம் கூடினால் பிஸ்டன் வந்து இடிக்கும். கையேடு இரிடியம் என்று சொல்லியிருந்தால் சிக்கனத்துக்காக நிக்கலுக்கு இறங்குவதும் தவறு. நிக்கலிலிருந்து இரிடியத்துக்கு ஏறலாம், எண்ணும் நீளமும் பொருந்தினால்.

வாங்கும் இடத்தைப் பொறுத்தவரை, டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் வரை நீளும் ஜே.சி. ரோட்டில் கிடைக்காத பிளக் இல்லை, போலியும் சேர்த்துத்தான். இரிடியத்தை நிக்கலின் விலைக்கு ஒருவர் கொடுத்தால் அது இரிடியம் அல்ல. முனை நடுவில் நேராக ஒட்டப்பட்டிருக்கிறதா, பீங்கானில் எழுத்து விரலால் தேய்த்தால் அழிகிறதா, வாஷர் கழன்று கையோடு வருகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். பில் வாங்க வேண்டும். பாய் இன்னமும் பிளக் என்றால் மைக்கோ என்றுதான் சொல்வார். 1951-இல் தொடங்கி, ஆடுகோடி ஆலையால் இந்நகரத்தாருக்குப் பழகிப்போன அந்த நிறுவனம் 2008-இல் போஷ் லிமிடெட் என்று பெயர் மாற்றிக்கொண்டது அவருடைய நாக்குக்கு இன்னும் எட்டவில்லை. சர்வீஸ் சென்டரில் போலி வராது என்பது பெரிய நிம்மதி. ஆனால் பிளக்கை மட்டும் மாற்றச் சொல்லி, மற்ற வேலைகளுக்குத் தனித்தனியாக விலை கேட்டுவிட்டுத்தான் ஒப்புக்கொள்ள வேண்டும். வாரண்டியில் உள்ள வண்டிக்கு அதுவே சரியான இடம்.

நானே மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு: மேலே தெரியும் பிளக் என்றால் தாராளமாக. எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு கழற்றினால் அலுமினிய சிலிண்டர் ஹெட்டின் மரை கூடவே பிய்ந்து வரும். குழிக்குள் கிடக்கும் தூசியை ஊதிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். மாட்டும்போது கையால் திருகி முழுவதும் இறக்கிய பிறகே ஸ்பேனரைத் தொட வேண்டும். 14 மில்லிமீட்டர் மரைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், வாஷர் உள்ள புதிய பிளக்கை விரல் இறுக்கத்துக்குப் பிறகு அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை. “இன்னும் கொஞ்சம்” என்று கைபலத்தைக் காட்டினால் ஹெட் வேலைக்குப் போக நேரிடும்.

எங்கள் காருக்குப் பதினோரு வயது. ஆண்டுக்கு ஒன்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடுகிறது, இன்னும் இரண்டு ஆண்டுகளில் கொடுத்துவிடுவதாக இருக்கிறோம். பிளக் பானட்டைத் திறந்ததும் தெரிகிறது. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஆயுளை வாங்கி அடுத்த முதலாளிக்குத் தானமாகக் கொடுப்பானேன் என்று, கையேட்டில் சொன்ன அதே எண்ணில் நான்கு நிக்கல் பிளக் வாங்கினேன். ஒவ்வொன்றின் இடைவெளியையும் பாய் அளந்து பார்த்தார். ஒன்று பெட்டியிலேயே 0.9 இருந்தது, மெல்லத் தட்டி 0.8 ஆக்கினார்.

செய்தித்தாளின் மேல் கிடந்த பழைய பிளக்குகளைத் தூக்கிப்போடப் போனவரை நிறுத்தி, மீண்டும் ஒருமுறை பார்த்தோம். மூன்றின் முனை வெளிர் பழுப்பு. ஆரோக்கியமான எஞ்சினின் நிறம். மூன்றாம் சிலிண்டரின் பிளக்கில் முனை சுத்தமாகவே இருந்தது, ஆனால் மேலே பீங்கானைச் சுற்றி எண்ணெய்ப் பசை. முனையில் எண்ணெய் என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று கவலைப்பட்டிருக்க வேண்டும்; மேலே இருந்ததால் பிளக் குழியின் ரப்பர் சீல் மட்டுமே கசிகிறது. அந்த சீலையும் மாற்றினோம். அதற்கடுத்த மாதம் ஊருக்குப் போய்த் திரும்பியபோது, மேலுமலையில் நான்காம் கியரை மாற்ற வேண்டியிருக்கவில்லை. பானட்டின் உள்பக்கம் ஒட்டிய துண்டுத் தாளில், மாற்றிய தேதியும் அப்போது மீட்டரில் இருந்த கிலோமீட்டரும் பாயின் கையெழுத்தில் இருக்கின்றன.